ஆச்சா தம்பி?

என் மாமா 'தமிழ்' என்று அடிக்க வேண்டுமானால் கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று ஐந்து தட்டு தட்டுவார். திரையைப் பார்க்க மாட்டார். பத்திரிகை அடிக்க வந்து நிற்கும் ஆளிடம் "மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி திருவளர்ச்செல்வனா, திருநிறைச்செல்வனா?" என்று கேட்டுக்கொண்டே விரல் ஓடும். காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எட்டுக்குப் பத்து அறையில் அவருடைய டி.டி.பி. கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், சுவர் நிறையக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அவசர வேலை. அதற்கு மட்டும் ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஷட்டரைத் தூக்குவார்.

தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். கோர்ட் வாசலில் மரத்தடியில் மனு அடித்துப் பழகிய கை. மெஷின் காலம் போய் பேஜ்மேக்கர் காலம் வந்தபோது அந்தக் கையை மாற்றிக்கொள்ளாமலே வர முடிந்தது என்றால் அதற்கு 'பாமினி' எழுத்துருதான் காரணம். நடுவரிசையில் இடது கைக்கு ய, ள, ன, க. பழைய மெஷினில் எங்கே இருந்ததோ அங்கேயே. தமிழ்நாட்டில் மட்டுமில்லை, இலங்கையிலும் அச்சகம் அச்சகமாகப் பாமினி ஓடிய காலம் அது.

பாமினியின் சூட்சுமம் ரொம்ப எளிது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். ஜே என்ற இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவே. எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில உளறல். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால், கையால் எழுதுகிற அதே வரிசை. யூனிகோடு அப்படியில்லை. அங்கே முதலில் க. அதற்குப் பின்னால் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. கொம்பையும் காலையும் இரண்டு பக்கமும் பிரித்து நிறுத்துவது திரையின் வேலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கோப்புக்குள் இரண்டும் வேறு வேறு ஊர்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பாலம் போடப்போய்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

2010-ல் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தேன். காட்பாடியில் காலை பாசஞ்சர், சீசன் டிக்கெட். ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே "சி.எம்.சி., சி.எம்.சி." என்று கூப்பிடும் ஆட்டோக்காரர்கள், ராத்திரி வண்டியில் வங்காளத்திலிருந்து நோயாளிகளை அழைத்து வந்து, எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள், அவர்களைத் தாண்டி எங்கள் பக்கத்துக் கூட்டம். குடியாத்தத்தில் பாதி வண்டி இறங்கும், வேறு பாதி ஏறும். மேல்பட்டி, பச்சகுப்பம் தாண்டியதும் ஜன்னலில் காற்றின் வாசனை மாறும். எங்கள் பெட்டியில் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். அது சம்பளத்தின் வாசனை.

டைம் ஆபீஸில் எனக்கு மேலே ஒரு பாய் இருந்தார். அறுபதை நெருங்கியவர். அதற்கு முன்னால் ஒரு டேனரியில் இருந்தவர். 1996 ஆகஸ்டில் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சுத்திகரிப்பு இல்லாத டேனரிகளை மூடச் சொன்னபோது வேலை போய் இங்கே வந்தவர். அங்கே அவருக்கு அளவு மெஷின் பக்கத்தில் வேலை. ஒவ்வொரு தோலும் மெஷினில் போய் வரும்போது எத்தனை சதுர அடி என்று ஓட்டுகிறவர் சத்தம் போட்டுச் சொல்வார். சொன்னதைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். பாய் எழுத மாட்டாராம். தோலைப் புரட்டி, பின்பக்க மூலையில் விழுந்திருக்கும் எண்ணைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டிக் அடிப்பார். "அவன் சொல்றது அவன் வாய்ல இருக்குது தம்பி. எனக்குத் தோல்ல இருக்கணும்" என்பார். அந்தப் பழக்கத்தோடேயே இங்கேயும் வந்துவிட்டார். ஓவர்டைம் பதிவேடு நீல மையில். சரிபார்த்த டிக் சிவப்புப் பென்சிலில்.

கட்டிங், ஸ்கைவிங், தையல், பேக்கிங் என்று 600 பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்கள், சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். சம்பளச் சீட்டில் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ முடிவு செய்திருந்தார். பெயர்ப் பட்டியலை அடித்துக் கொடுத்தது என் மாமா, பாமினியில். (வேலைக்கு நான் சேர்ந்ததே அந்தத் தொடர்பில்தான்.) டோக்கன் நம்பர், பெயர், பிரிவு, நாள், சம்பளம் என்று பத்திகளாகப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதைப் படித்து சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் ஒரு பழைய விண்டோஸ் மெஷினில் இருந்தது. அதற்குப் பாமினி தவிர வேறெதுவும் தெரியாது. எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எனக்கோ பாமினி அடிக்க வராது. மாமா கையைப் பார்த்திருக்கிறேனே தவிர, பழகவில்லை. என் மேஜையில் உபுண்டு 10.04, அதில் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அந்த ஜூனில்தான் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், நான் அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு சாயங்காலம் காட்பாடியில் இறங்கி மாமா கடைக்குப் போவேன். மாமா ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவில் அதை அடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பார். ஒரு பெயருக்கு ஒரு நாள்.

இதற்கு வழி தேடியபோது கையில் இருந்தது ஈமேக்ஸ் என்ற எடிட்டர். எனக்கு அது கல்லூரி லேபில் அறிமுகம். முதல் வாரம் அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் மெஷினையே அணைத்திருக்கிறேன். பிறகு விடவில்லை. 1976-ல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'டெக்கோ' என்ற பழைய எடிட்டருக்கான மேக்ரோக்களைத் தொகுத்ததில் தொடங்கிய வம்சம் அது. நாம் இன்று புழங்குவது 1985-ல் அவரே வெளியிட்ட குனு ஈமேக்ஸின் வழி. அதை எடிட்டர் என்று சொல்வது பாதி உண்மை. உள்ளே லிஸ்ப் மொழி ஓடுகிறது. கர்சரை ஒரு எழுத்து நகர்த்துவதிலிருந்து கோப்பைச் சேமிப்பதுவரை எல்லாம் ஒரு ஃபங்ஷன். பிடிக்கவில்லையென்றால் நம்முடையதை வைத்துக்கொள்ளலாம், எடிட்டரை நிறுத்தாமலே. வாடகை வீட்டில் சுவரை இடிக்க அனுமதி கொடுத்த மாதிரி.

அதைவிட நாசூக்கான வழியும் உண்டு. சுவரை இடிக்க வேண்டாம். அங்கங்கே ஆணி அடித்துக் கொக்கி மாட்டி வைத்திருக்கிறார்கள். 'ஹுக்' என்றே பெயர். கோப்பைத் திறந்ததும் ஒரு கொக்கி, சேமிக்கும் முன் ஒன்று, சேமித்த பின் ஒன்று. நம் ஃபங்ஷனின் பெயரை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். நேரம் வரும்போது ஈமேக்ஸே அதைக் கூப்பிடும். காட்பாடி பிளாட்பாரத்தில் டீ விற்கும் அண்ணனிடம் "அண்ணே, பாசஞ்சருக்கு சிக்னல் விழுந்தா ஒரு குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேனே, அந்த மாதிரி. எப்போது கூப்பிடுவது என்பது அவர் கையில். கூப்பிட்டதும் என்ன செய்வது என்பது என் கையில். புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைத்தான் 'கால்பேக்' என்கிறார்கள்.

அழுத்திச் சுருக்கிய கோப்பை ஈமேக்ஸில் திறந்தால் அது தானே விரிந்து தெரியும். சேமித்தால் திரும்பச் சுருங்கிக்கொள்ளும். வேறு ஊரில் இருக்கும் மெஷினின் கோப்பைக்கூடப் பக்கத்து அறையில் இருப்பதுபோலத் திறக்கலாம். எல்லாம் இதே மாதிரி வழிகளில் வந்த வித்தைகள்தான். வட்டில் இருப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது ஒன்று. அப்படியானால் வட்டில் பாமினி, கண்ணுக்கு யூனிகோடு என்று ஏன் இருக்கக் கூடாது? திறக்கும்போது ஒரு கொக்கி, சேமிக்கும்போது ஒரு கொக்கி. பழைய மெஷினுக்குத் தெரியவே தெரியாது. மாமாவுக்குத் துண்டுச்சீட்டுத் தொல்லை விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கடையில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு விசையாகச் சொல்லச் சொல்ல அட்டவணை தயார் செய்தேன். அவருக்குச் சொல்ல வரவில்லை. "மு எங்க இருக்கு மாமா?" என்றால் விழிப்பார், கையைக் கீபோர்டில் வைத்து 'முருகன்' அடித்துவிட்டு, எந்த விரல் போனது என்று குனிந்து பார்த்துச் சொல்வார். அந்த அட்டவணை முழுவதும் அவர் விரல்களிடம் கேட்டு வாங்கியது.

திங்கட்கிழமை திறந்தேன். பெயர்கள் எல்லாம் அழகாகத் தமிழில் வந்தன. கூடவே, வரக் கூடாததும் தமிழில் வந்தது. போனஸ் பத்தியின் தலைப்பில் '8.33%' என்று இருந்தது. குறைந்தபட்ச போனஸ், 1965-ம் வருஷத்துச் சட்டப்படி. அது '8.33மூ' ஆகிவிட்டது. பாமினியில் சதவீதக் குறி இருக்கும் விசையில்தான் 'மூ' குடியிருக்கிறது. காற்புள்ளி விசையில் 'இ'; ஆகவே 1,250 ரூபாய் '1இ250' ஆயிற்று. ஆங்கிலத்தில் இருந்த இ.எஸ்.ஐ. 'நுளுஐ' என்று ஏதோ பூச்சிக்கடி மருந்து மாதிரி நின்றது. பாய் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "நுளுஐ பிடித்தம் எவ்ளோ தம்பி?" என்று கேட்டார். அன்று முழுக்க ஆபீஸில் அதுதான் பேச்சு.

வெறும் எழுத்துக் கோப்பில் எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் கிடையாது. பத்திகள் இருந்ததால் தப்பித்தேன்: பெயரும் பிரிவும் மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. பத்தி இல்லாத கோப்பாக இருந்தால் இன்றுவரை உட்கார்ந்திருப்பேன்.

திறக்கும் கொக்கியில் இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். மாற்றியதும் ஈமேக்ஸ் 'கோப்பு திருத்தப்பட்டது' என்று நட்சத்திரம் போட்டுவிடும், திறந்து பார்த்துவிட்டு மூடினாலே "சேமிக்கட்டுமா?" என்று கேட்கும். அந்த நட்சத்திரத்தை நானே அணைக்க வேண்டும். போதாததற்கு 'அன்டூ' அழுத்தினால் என் மாற்றமே பின்வாங்கி மொத்தப் பட்டியலும் ஆங்கில உளறலாகும். அந்த நினைவையும் துடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வரி. நட்சத்திரத்தை அணைக்கும் அந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்கும் கொக்கி கொஞ்சம் கௌரவமான இடம். அங்கே மாட்டிய ஃபங்ஷனை ஈமேக்ஸ் கூப்பிட்டுவிட்டு, அது என்ன பதில் சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும். 'நில்' என்று, அதாவது 'இல்லை' என்று பதில் வந்தால், "சரி, நானே எழுதிக்கொள்கிறேன்" என்று வழக்கம்போல வட்டில் எழுதும். வேறு எந்தப் பதில் வந்தாலும் "ஓ, நீயே எழுதிவிட்டாயா, நல்லது" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடும். எழுதியிருக்கிறதா என்று பார்க்காது. நம்பும். அந்த நம்பிக்கை எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. திரையில் இருப்பதைத் தொடாமல், தனியாக ஒரு பிரதியில் பாமினியாக்கி, அதை வட்டில் எழுதி, அதே ஒரு வரியால் நட்சத்திரத்தையும் அணைத்துவிட்டு, "எழுதியாச்சு" என்று பதில் சொன்னால் போதும். இரண்டு மாதம் குறையில்லாமல் ஓடியது.

தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த வருஷம் நவம்பர் 5. ஷூ கம்பெனியில் தீபாவளி வாரம் என்றால் போனஸும், ஓவர்டைமும், அட்வான்ஸும் ஒன்றாகச் சேரும் வாரம். அன்று காலையில் எனக்கு ஒரு ஆசை வந்தது. சேமித்ததும் ஈமேக்ஸ் அடியில் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுக்கிறதே, அதற்குப் பதிலாக நம் தமிழில் சொன்னால் என்ன? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: திரையின் அடியில் 'ஆச்சு' என்று காட்டு. பெயர்ப் பட்டியலில் சோதித்தேன். ஆச்சு. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பேஷ்" என்றார்.

அந்த வரியைச் சேர்க்கும்போது ஒரு அடைப்புக்குறி இடம் மாறிவிட்டது. லிஸ்ப் முழுக்க அடைப்புக்குறிதான். எது எதற்குள் அடங்கும் என்பதைச் சொல்வதே அதுதான். 'இது பெயர்ப் பட்டியலாக இருந்தால்' என்று தொடங்கிய பகுதி, இரண்டு வரி முன்னதாகவே மூடிக்கொண்டது. மாற்றுவதும் எழுதுவதும் அதற்குள்ளே. நட்சத்திரத்தை அணைப்பதும் 'ஆச்சு' சொல்வதும் வெளியே. வெளியே இருந்தால் எல்லாக் கோப்புக்கும் பொருந்தும். லிஸ்பில் ஒரு ஃபங்ஷனின் கடைசி வரி என்ன தருகிறதோ அதுதான் அதன் பதில். செய்தி காட்டும் கட்டளை, காட்டிய செய்தியையே திருப்பித் தரும். 'ஆச்சு' என்ற சொல் 'நில்' இல்லையே. ஆகவே அது 'ஆமாம்'.

மத்தியானம் பாயின் நீல மைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மாத ஓவர்டைமை ஏற்ற ஆரம்பித்தேன். அது வேறு கோப்பு. வெறும் எண்கள், பெயரே கிடையாது. இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஆறு மணிவரை. எனக்கு நாலு வரிக்கு ஒருதரம் சேமிக்கும் கைப்பழக்கம். ஒவ்வொரு தடவையும் அடியில் 'ஆச்சு' என்று வந்தது. நட்சத்திரம் அணைந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது. முடித்தேன், மூடினேன். ஈமேக்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஆச்சா தம்பி?" என்றார் பாய், டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

"ஆச்சு பாய்."

சம்பளப் புரோகிராமை ஓட்டினேன். ஓவர்டைம் பத்தி போன மாதத்தின் எண்களோடு வந்தது. கோப்பைத் திறந்தேன். போன மாதத்தின் எண்கள். தேதியைப் பார்த்தேன். போன மாதம். நாலு மணி நேரத்தில் ஒரு எழுத்துகூட வட்டுக்குப் போகவில்லை.

ஈமேக்ஸுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. நாம் மறந்தாலும் அதுவாக அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். 300 விசை தட்டினால் ஒருதரம், கொஞ்ச நேரம் கை சும்மா இருந்தால் ஒருதரம். மின்சாரம் போகும் ஊர்க்காரர்களுக்கு அது குலதெய்வம். அதைத் தேடினேன். இல்லை. யோசித்தபோதுதான் உறைத்தது. கோப்பு ஒழுங்காகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தத் தற்காலிகப் பிரதியை ஈமேக்ஸ் அழித்துவிடும், இனி எதற்கு என்று. நான் ஒவ்வொரு முறையும் 'ஆச்சு' என்று சொல்லிச் சொல்லி, அதையும் ஒவ்வொரு முறையும் அழிக்க வைத்திருக்கிறேன்.

பாயிடம் சொன்னேன். பையை மேஜைமேல் வைத்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். "நான் படிக்கிறேன், நீ போடு. போட்டுட்டு எனக்கு நீ படி."

"இருநூத்திப் பதினாலு. மூணரை."

"இருநூத்திப் பதினாலு, மூணரை."

சிவப்பு டிக். தையல் பிரிவு முடியும்போது ஏழரை. நடுவில் அவர் வீட்டிலிருந்து பையன் வந்து பார்த்துவிட்டுப் போய், ஒரு தூக்கில் பிரியாணியும் கத்திரிக்காயும் கொண்டுவந்து வைத்தான். ஆம்பூரில் வேலை செய்து நான் சாப்பிட்ட பிரியாணிகளில் ருசியே தெரியாத பிரியாணி அது ஒன்றுதான். சேமித்த பிறகு ஒவ்வொரு முறையும் கோப்பை வேறு ஜன்னலில், வேறு புரோகிராமில் திறந்து காட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் காட்டினேன். ஒன்பதே காலுக்குக் கடைசி டிக்.

ரயில் போய்விட்டது. பஸ்ஸில் பள்ளிகொண்டா வழியாக வேலூர் புது பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து காட்பாடிக்கு டவுன் பஸ். பாலாற்றுப் பாலத்தில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இல்லாத ஆறு. இருட்டில் மணல்கூடத் தெரியவில்லை. மாமா கடையில் இன்னும் வெளிச்சம். தீபாவளி வாழ்த்து போஸ்டர், கட்சிக்காரர்கள் கூட்டம். அவர்கள் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து நடந்ததைச் சொன்னேன். கொக்கி, நில், அடைப்புக்குறி எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். பிரின்டரில் பேப்பரைச் சொருகிக்கொண்டே, "ரிப்பன் இல்லாத மெஷின்லயும் சத்தம் வரும்டா" என்றார். கோர்ட் வாசலில் ஒருதரம் நடந்ததாம். மனு எழுத வந்தவர் கண்கலங்கிச் சொல்லச் சொல்ல, இவர் தாளைப் பார்க்காமலே ஒரு பக்கம் அடித்து உருவியிருக்கிறார். வெள்ளைத் தாள். எதிராளியின் பெயர் மட்டும் பள்ளமாக விழுந்திருந்தது, அழுத்தி அடித்ததால்.

மறுநாள் அடைப்புக்குறியைச் சரிசெய்தேன். அதோடு விட மனம் வரவில்லை. லிஸ்ப் கையேட்டில் அந்தக் கொக்கியைப் பற்றிய பகுதியை முதல் முறையாகக் கடைசிவரை படித்தேன். 'நானே எழுதிக்கொள்கிறேன்' என்று பொறுப்பெடுக்கும் ஃபங்ஷன், பழைய பிரதியைக் காப்பெடுத்து வைக்கும் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக 600 பெயர்களின் பட்டியல் காப்புப் பிரதி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

புதிதாக எழுதிய ஃபங்ஷன் முதலில் காப்பெடுக்கும். பாமினியாக்கி எழுதும். எழுதியதை வட்டிலிருந்து மறுபடி படிக்கும். யூனிகோடாக்கி, திரையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒத்துப்போனால்தான் 'ஆமாம்'. பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் கடைசி வரி அப்பட்டமாக 'நில்'. 'ஆச்சு' என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், வட்டிலிருந்து படித்ததில் எத்தனை வரி இருந்தது என்று ஒரு எண்ணை மட்டும் காட்டும்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது; அது வெளிப்பட அடுத்த ஏப்ரல் ஆயிற்று. அடையாள அட்டை புதிதாக அடித்தார்கள். அதற்கு மட்டும் யூனிகோடுப் பட்டியலை நேராகக் கொடுத்தேன். ஸ்கைவிங் பிரிவு அக்கா ஒருவர் அட்டையோடு வந்து நின்றார். 'வெள்ளை'யில் தொடங்கும் பெயர். "தம்பி, என் பேரு நடுவுல இன்னாவோ புள்ளிவச்ச வட்டம் இருக்குது."

பார்த்தேன். 'வௌ்ளை' என்று இருந்தது. பாமினியில் ஔகாரத்துக்குத் தனி எழுத்து இல்லை. கொம்பு போட்டு, எழுத்து போட்டு, பக்கத்தில் ஒரு 'ள'. 'சௌந்தரி'யின் சௌவும் அப்படித்தான், 'வெள்ளை'யின் வெள்-ளும் அப்படித்தான். பின்னால் வருவது புள்ளியா, காலா, விசிறியா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். ளகரத்துக்கு அடுத்து ஒன்றும் ஒட்டவில்லை என்றால் மட்டுமே ஔகாரம். நான் அதைப் பார்க்காமல் கிடைத்த ள-வையெல்லாம் ஔகாரமாக்கியிருந்தேன். 'வௌியீடு', 'வௌ்ளி' என்று பழைய கோப்புகளிலிருந்து மாற்றிய தமிழில் இன்றும் அங்கங்கே பார்க்கிறீர்களே, அதெல்லாம் என்னைப் போன்றவர்கள் செய்த வேலை.

என் சரிபார்ப்பு ஏன் பிடிக்கவில்லை? போகும்போது செய்த தப்பை வரும்போது அதே தப்பு நேர்செய்துவிட்டது. தப்பான 'வௌ்'ளைப் பாமினியாக்கினால் சரியான 'வெள்' கிடைக்கும். சம்பளச் சீட்டில் அவர் பெயர் ஒருநாளும் தப்பாக வந்ததில்லை. நடுவில், என் திரையில் மட்டும் எட்டு மாதமாக அது தப்பாகவே இருந்திருக்கிறது. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த திரை. எண்களைப் பார்ப்பவனுக்குப் பெயர் கண்ணில் படவில்லை.

அக்காவுக்கு அன்றைக்கே வேறு அட்டை அடித்துக் கொடுத்தோம். பழையதை அவர் திருப்பித் தரவில்லை. பையன் பார்த்துச் சிரிப்பான் என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அந்த வேலையை விட்டு வெகு காலம் ஆகிறது. பழைய விண்டோஸ் மெஷின் ஒருநாள் எழவில்லை. அதோடு பாமினியும் போயிற்று. இப்போது நான் காட்பாடியிலேயே வீட்டிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனிகள் சிலவற்றுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். மாமா கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஆம்பூர் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். பாய்க்கு அதில் இன்னும் சம்மதமில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார். பென்ஷனுக்கு வருஷாவருஷம் உயிர்வாழ் சான்று கொடுப்பதை போனில் செய்துகொள்ளும் வழி வந்த பிறகு, அவருக்கு நான்தான் அதைச் செய்கிறேன். முகத்தைக் காட்டச் சொல்லும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும், பச்சை டிக் ஒன்று வரும்.

போன நவம்பரிலும் ஆம்பூர் போயிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சிமிட்டினார். பச்சை டிக் வந்தது.

"ஆச்சா தம்பி?"

"இருங்க பாய்" என்றேன். "உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."